"மனசு சரியில்ல டாக்டர்" என்பதற்கு அடுத்த வரி: மனநலச் சிக்கலை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று மாதமாக உள்ளுக்குள் புழுங்கியதை எல்லாம் சுமந்துகொண்டு மருத்துவர் எதிரில் உட்காருகிறோம். "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்கிறார். வாயில் வருவது ஒரே வரி: "மனசு சரியில்ல டாக்டர்." அதற்கப்புறம் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. அவர் நாலு கேள்வி கேட்கிறார், நாம் தலையாட்டுகிறோம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போதுதான் சொல்ல நினைத்தது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வருகிறது.

எனக்கும் இதுதான் நடந்தது. முதல் முறை போனபோது "தூக்கம் வரலை" என்று மட்டும் சொன்னேன். தூக்க மாத்திரை கிடைத்தது. மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்த தகவலுக்கு அதுதான் பதில். குளிக்காமல் கிடந்த நாட்களையும், போன் அடித்தால் எடுக்கப் பயந்ததையும் நான் சொல்லவே இல்லை.

கை முறிந்தால் எக்ஸ்ரே சொல்லிவிடும். மனச்சோர்வையோ பதற்றத்தையோ அப்படிக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை எதுவும் கிடையாது. ரத்தம் எடுக்கச் சொன்னாலும், அது பெரும்பாலும் தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு போன்றவை இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். இவையும் மனச்சோர்வு போலவே வேஷம் கட்டும். மற்றபடி மருத்துவருக்குக் கிடைப்பது உங்கள் பேச்சு, நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதம், கூட வந்தவர் சொல்வது, இவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க வேண்டும் என்றில்லை. என்ன நோய் என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். முன்பு எப்படி இருந்தீர்கள், இப்போது எது மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து மாறியது என்பதைச் சொன்னால் போதும். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான்.

படி 1: யாரிடம் போகிறீர்கள்?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுபவர். உடல்நோய்கள், எடுக்கும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதெல்லாம் அவருக்கு அவசியம். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் செய்பவர். எந்தச் சூழலில் என்ன எண்ணம் வந்தது, அப்போது என்ன செய்தீர்கள் என்ற சங்கிலியை அவர் தேடுவார். ஆலோசகரிடம் பெரும்பாலும் உறவு, வேலை, இழப்பு என்று குறிப்பிட்ட ஒரு சிக்கலை வைத்துப் பேச்சு நகரும். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். ஆனால் "ரெண்டு வருஷமா தலைவலி" என்று சுற்றி வளைக்காமல், "இது மனசு சம்பந்தப்பட்டதா இருக்கும்னு சந்தேகம், அதைப் பத்திப் பேசணும்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: போவதற்கு முன் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

ஏன் இரண்டு வாரம்? மனச்சோர்வு என்று முடிவு செய்ய, அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி இருந்தனவா என்று பார்ப்பார்கள். பொதுவான பதற்றக் கோளாறுக்கு அந்தக் கணக்கு ஆறு மாதம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய்க்கு ஒரு மாதத்துக்கு மேல். ஆக, "எத்தனை நாளா?" என்று அவர் கேட்பது சும்மா பேச்சுக்காக இல்லை.

ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூங்கினேன், எப்போது விழித்தேன். சாப்பிட்டேனா. இன்று செய்ய வேண்டியதில் எதைச் செய்ய முடியவில்லை. தனியாக ஏதாவது நடந்திருந்தால், உதாரணத்துக்குப் படபடப்பு வந்தது என்றால், எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு நேரம் என்று ஒரு வரி கூட. மாதவிடாய் வருபவர்கள் அந்தத் தேதிகளையும் குறியுங்கள். சிலருக்கு மனநிலை சரிவது அந்தச் சுழற்சியோடு ஒட்டியே வரும், தேதி இல்லாமல் அது கண்ணில் படாது.

எழுதவே தெம்பில்லை என்றால் போனில் அரை நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். நாலு நாள் விட்டுப்போனாலும் பரவாயில்லை. "இந்த நாலு நாள் எழுதக்கூட முடியலை" என்பதும் மருத்துவருக்குத் தகவல்தான்.

மருத்துவரைப் பார்க்க இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. நாளைக்கே நேரம் கிடைத்தால் நாளைக்கே போங்கள். போனவாரத்தை நினைவிலிருந்து எழுதினாலும் வேலைக்கு ஆகும்.

படி 3: சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

என் பார்வையில் நாம் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். மனத்துன்பத்தைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே சொல் நாலு வேலை பார்க்கிறது.

"மன அழுத்தம்" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கும் அதுதான் சொல், மனச்சோர்வு நோய்க்கும் பலர் அதையேதான் சொல்கிறார்கள். முன்னது பாரம் குறைந்தால் பெரும்பாலும் தானாக இறங்கும். பின்னது, விடுமுறை எடுத்தாலும், எல்லாம் நல்லபடியாக நடந்தாலும், அப்படியே கிடக்கும். "மன அழுத்தம்" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? "டென்ஷன்" இன்னும் மோசம். கோபமும் அதுதான், பயமும் அதுதான், அவசரமும் அதுதான்.

"மயக்கமா வருது" என்றால் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, உண்மையிலேயே நினைவு தப்பி விழுந்தீர்களா? மூன்றும் வேறு வேறு. "நெஞ்சை அடைக்குது" என்றால் அது துக்கமா, மூச்சு முட்டுவதா, வலியா? பீதித் தாக்குதல் என்றால் திடுமென வந்து, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். இதயம் அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், செத்துவிடுவோமோ என்ற பயம் வரும். அந்த வரிசையைச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. (நெஞ்சுவலி முதல் முறையாக வருகிறது என்றால் மனசு என்று நாமே தீர்ப்பு எழுதிவிடாமல் இதயத்தைப் பரிசோதிப்பதுதான் முதல் வேலை.)

"தூக்கமில்லை" என்பதற்குள் குறைந்தது நாலு கதை இருக்கிறது. படுத்தால் இரண்டு மணி நேரம் புரண்டுகொண்டே இருப்பது ஒன்று. பதற்றம் உள்ளவர்கள் அடிக்கடி சொல்வது இது. சரியாகத் தூங்கி, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, அப்புறம் கண்ணை மூடவே முடியாமல் இருட்டைப் பார்த்துக் கிடப்பது இன்னொன்று. மனச்சோர்வில் இது அடிக்கடி வரும். கெட்ட கனவில் அலறி எழுவது மூன்றாவது. நாலாவதுதான் பலர் சொல்லாமல் விடுவது: மூன்று மணி நேரம்தான் தூங்கினேன், ஆனாலும் களைப்பே இல்லை, உற்சாகம் பொங்குகிறது. இது நல்ல செய்தி மாதிரி தோன்றும். ஆனால் மருந்தைத் தேர்வு செய்வதையே மாற்றக்கூடிய தகவல் இது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லையா? சரி, அங்கிருந்தே தொடங்குங்கள். ஆனால் "எந்த மாதிரி?" என்று உங்களையே கேளுங்கள். அழுகை வருகிற மாதிரியா, அழக்கூட வராமல் மரத்துப்போன மாதிரியா? பாரமாகவா, காலியாகவா? கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உலகத்தைப் பார்க்கிற மாதிரியா? உவமை சொல்லத் தயங்க வேண்டாம். "தண்ணிக்கு அடியில நடக்கற மாதிரி" என்று ஒருவர் சொன்னால் எந்த மருத்துவரும் சிரிக்கமாட்டார். அந்த உவமைக்கு அடுத்து ஒரு நிஜ நிகழ்ச்சியைச் சேருங்கள், அவ்வளவுதான். "போன செவ்வாய்க்கிழமை ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத மூணு மணி நேரம் ஆச்சு."

இணையத்தில் தேடிப் படித்துவிட்டுப் போவதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். யார்தான் தேடுவதில்லை? ஆனால் "எனக்கு பைபோலார் டாக்டர்" (இருமுனைக் கோளாறு) என்று முடிவோடு ஆரம்பித்தால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே ஓடி முடிந்துவிடும். "இதைப் பத்திப் படிச்சேன், இந்த ரெண்டு விஷயம் எனக்கு அப்படியே பொருந்துது, அதனால கேக்கறேன்" என்றால் அதே தகவல் பயனுள்ளதாகிவிடுகிறது.

படி 4: அளவைச் சொல்லுங்கள்

எப்போதிலிருந்து, வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம், எது அதிகமாக்குகிறது, எது தணிக்கிறது. இந்த ஐந்துக்கும் தோராயமான விடை கையில் இருந்தால் போதும். தேதி நினைவில்லை என்றால் ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுங்கள்: "வேலை மாறினதுக்கு அப்புறம்", "குழந்தை பிறந்து ரெண்டு மாசத்துல".

காத்திருக்கும்போதே சில இடங்களில் ஒரு படிவம் கொடுப்பார்கள். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படுவது பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 20 முதல் கடுமை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விப் படிவம் இருக்கிறது, அதன் உச்சம் 21. இவை நோயைத் தீர்மானிப்பவை அல்ல, எங்கே கவனிக்க வேண்டும் என்று காட்டுபவை. முதல் நாள் 18 இருந்தது, இரண்டு மாதம் கழித்து 9 ஆகியிருக்கிறது என்றால் சிகிச்சை எந்தத் திசையில் போகிறது என்று இருவருக்கும் தெரியும். இதற்காகவே படிவத்தை நிஜமாக நிரப்புங்கள். வெட்கப்பட்டு ஒன்றைக் குறைத்தால் அந்தக் கணக்கு முழுக்கக் கோணலாகிவிடும்.

"பத்துக்கு எத்தனை?" என்று கேட்கும் அளவுகோல் எனக்குப் பிடித்ததே இல்லை. என் ஏழு வேறு, உங்கள் ஏழு வேறு. எண் சொல்லத்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு அர்த்தம் கொடுங்கள்: "ஏழு. பத்துன்னா படுக்கையை விட்டு எழவே முடியாத நாள். ஏழுன்னா வேலைக்குப் போறேன், ஆனா மதியம் கழிவறையில போய் அழறேன்."

எண்ணைவிட அழுத்தமாகப் பேசுவது, உங்களால் எது முடியாமல் போனது என்பதுதான். குளிப்பது, சமைப்பது, பணம் கட்டுவது, குழந்தையோடு விளையாடுவது, நண்பர் கூப்பிட்டால் எடுப்பது. "எல்லாத்தையும் செய்யறேன் டாக்டர்" என்பவர்கள் இன்னொரு கேள்விக்குப் பதில் யோசிக்க வேண்டும்: அதையெல்லாம் செய்ய முன்பைவிட எவ்வளவு கூடுதலாகத் தம் கட்ட வேண்டியிருக்கிறது? வெளியே ஒழுங்காகத் தெரிபவர்கள்தான் மருத்துவர் கண்ணிலிருந்தும் எளிதாகத் தப்பிவிடுகிறார்கள்.

படி 5: ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்

1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகள் பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டது தெரியவந்தது. அது பொது மருத்துவத்தில் நடந்த ஆய்வு. மனநல அறையில் கூடுதல் நேரம் கிடைக்கலாம். இருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான்: முக்கியமானதை முதலில் சொல்லுங்கள்.

நாம் செய்வதோ நேர் எதிர். சின்னச் சின்ன விஷயமாக ஆரம்பித்து, மருத்துவர் முகம் பார்த்து, தைரியம் வந்தால் பெரிய விஷயத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். தைரியம் வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. கதவில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம் டாக்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்..." என்று ஆரம்பிப்போமே, பல நேரம் அதுதான் நிஜமான விஷயம். எதைச் சொல்ல மிகவும் கூசுகிறதோ அதையே முதல் வரியாக எழுதுங்கள்.

பக்கம் இப்படி இருக்கலாம்:

"வந்த காரணம்: ஆறு வாரமாக எதிலும் பிடிப்பு இல்லை. கடந்த பத்து நாளாக, இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது.
எப்போது தொடங்கியது: வீடு மாறிய பிறகு.
தூக்கம்: 11 மணிக்குத் தூங்கி 3.30-க்கு விழிப்பு. வாரத்தில் ஐந்து நாள்.
சாப்பாடு: ஒரு வேளைதான். உடை தளர்ந்துவிட்டது.
முடியாமல் போனது: இந்த மாதம் நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. யாரிடமும் பேசுவதில்லை.
முன்பு இப்படி: கல்லூரிக் காலத்தில் ஒரு முறை. சிகிச்சை எடுக்கவில்லை.
குடும்பம்: அத்தைக்கு மனநோய் இருந்தது, என்னவென்று தெரியாது.
மருந்துகள்: தைராய்டு மாத்திரை. வாரத்தில் மூன்று நாள் குடி.
என்ன எதிர்பார்க்கிறேன்: காலையில் எழ முடிய வேண்டும். மாத்திரை என்றால் பயம், அதைப் பற்றிப் பேச வேண்டும்."

வாய் வராவிட்டால் தாளை அப்படியே நீட்டிவிடுங்கள். "பேசினா அழுதுடுவேன், இதைப் படிச்சிடுங்க" என்று சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு போகாதீர்கள், அதைப் படிக்க அங்கே நேரமிருக்காது. வீட்டில் பத்துப் பக்கம் எழுதி மனதை ஆற்றிக்கொள்வது வேறு விஷயம்.

படி 6: சொல்லாமல் விடுபவை

மது, புகை, கஞ்சா, தூக்க மாத்திரையைச் சொன்ன அளவுக்கு மேல் போடுவது. இவற்றை ஒளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் திட்டு விழுமோ என்ற பயம். ஆனால் மதுவே மனச்சோர்வைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும். சில மருந்துகளோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். அளவைக் குறைத்துச் சொன்னால் மருத்துவர் தப்பான ஆளுக்கு மருந்து எழுதுகிறார்.

காபியும் கணக்கில் உண்டு. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கோப்பை குடித்துவிட்டுப் படபடப்பு என்றால் அதையும் சொல்ல வேண்டாமா?

வேறு நோய்க்கு எடுக்கும் மருந்துகளையும் மூலிகைகளையும் மாத்திரை அட்டையோடு எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டு மனநிலையைத் தலைகீழாக்கலாம். மூலிகைதானே என்று எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் ஆபத்து. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மருந்தை எடுப்பவர் வலிக்கு இபுப்ரோஃபென் போட்டால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடலாம். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கான திட்டம் இருந்தாலோ கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சில மருந்துகள், குறிப்பாக வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் வால்ப்ரோயேட், கருவைப் பாதிக்கும்.

இப்போது அந்த "களைப்பே இல்லாத" நாட்களுக்கு வருவோம். வாழ்க்கையில் எப்போதாவது, நாலு நாளோ ஒரு வாரமோ தொடர்ந்து, வழக்கத்துக்கு மாறான உற்சாகம், குறைந்த தூக்கம், நிற்காத பேச்சு, தாறுமாறான செலவு, பெரிய பெரிய திட்டங்கள் என்று இருந்ததுண்டா? சோர்ந்திருக்கும்போது அந்தக் காலம் நோயாகவே தெரியாது, "நான் நல்லா இருந்த நாட்கள்" என்றுதான் நினைவிருக்கும். ஆனால் அது, மனம் சோர்வுக்கும் அளவுமீறிய உற்சாகத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறின் (பைபோலார்) மறுமுனையாக இருக்கலாம். அது தெரியாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் எதிர்த்திசையில் எகிறிவிடும். உங்களுக்கு நினைவில்லை என்றால் வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும்.

விரும்பாமலே வரும் எண்ணங்கள் இன்னொன்று. கத்தியைப் பார்த்தால் குழந்தையைக் குத்திவிடுவோமோ, கோயிலில் ஆபாச எண்ணம் வருகிறதே, ஓடும் வண்டியின் முன் யாரையாவது தள்ளிவிடுவோமோ. இப்படி வந்து, வந்ததற்காக நடுங்கிப்போகிறவர்கள் நிறையப் பேர். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயில் (ஓ.சி.டி) இது சாதாரணம். பிரசவித்த தாய்மார்களுக்கும் வருவதுண்டு. மனநல மருத்துவர்கள் இதைப் பலமுறை கேட்டவர்கள். சொல்லும்போது கூடவே இதையும் சொல்லுங்கள்: "இந்த நினைப்பு எனக்குப் பிடிக்கலை, பயமா இருக்கு, அப்படிச் செய்யணும்னு எனக்கு ஆசை இல்லை." அந்த வித்தியாசம் மருத்துவருக்கு மிக முக்கியம். ஆசையோ திட்டமோ இருந்தாலும், யாரோ கட்டளையிடுகிற குரல் கேட்டாலும், அதையும் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

படி 7: சாக வேண்டும் என்று தோன்றினால்

நம் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயில் அடித்தாலும் "செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்போம், வேலை அதிகமானாலும் அதையேதான் சொல்வோம். அதனால் நிஜமாகவே தோன்றும்போது சொன்னாலும் கேட்பவர் காதில் அது பேச்சுவழக்காகப் போய்விடலாம். தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

"காலையில எழாமலே இருந்துட்டா நல்லாயிருக்கும்னு தோணுது, ஆனா நானா எதுவும் செய்யற நினைப்பு இல்லை." இது ஒரு நிலை. "தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுது, எப்படின்னு யோசிக்கலை." இது அடுத்தது. "எப்படின்னும் யோசிச்சிருக்கேன், அதுக்கானது கைக்கு எட்டற தூரத்துல இருக்கு." இது அவசரம். முன்பு முயன்றிருந்தால் அதையும், உங்களைத் தடுத்து நிறுத்துவது எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தற்கொலை என்ற சொல்லை வாயால் சொன்னால் அந்த எண்ணம் வளர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். அதைப் பற்றி நேரடியாகக் கேட்பதும் பேசுவதும் எண்ணத்தைத் தூண்டுவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம்.

"சொன்னா உடனே பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்களா?" பலர் வாயடைத்துப்போவது இந்தக் கேள்வியில்தான். எண்ணம் வருகிறது என்று சொன்ன எல்லோரையும் மருத்துவமனையில் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் என்ன செய்வார்கள் என்றால், ஆபத்தானதைக் கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றுவது, எண்ணம் முற்றும்போது யாரைக் கூப்பிடுவது, என்ன செய்வது என்று வரிசையாக எழுதிப் பாதுகாப்புத் திட்டம் போடுவது, சீக்கிரமே மறுபடி வரச் சொல்வது. உடனடி ஆபத்து என்றால் சேர்க்கலாம், வீட்டாருக்கும் சொல்லலாம். ரகசியக் காப்புக்கு இப்படிச் சில எல்லைகள் உண்டு. அதை முன்கூட்டியே கேட்டுவிடலாம்: "நான் சொல்றதுல எதை நீங்க மத்தவங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கும்?"

திட்டம் இருக்கிறது, இன்றே செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு, தாள் எதுவும் எழுதாமல், இப்போதே உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "என்னைத் தனியா விடாதீங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

படி 8: அறைக்குள்

"எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன்" என்பது நம் நாக்கில் ஊறியது. மருத்துவர் கேட்டாலும் அதுவே வந்துவிடும், கூடவே ஒரு புன்னகையும். வந்துவிட்டால் திருத்திக்கொள்ளுங்கள்: "பழக்கத்துல சொல்லிட்டேன், நல்லா இல்லை." கஷ்டமான விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால் அதையும் சொல்லிவிடலாம்.

அழுகை வந்தால் அழுங்கள். மூளை வெறுமையாகிவிட்டால் தாளைப் பாருங்கள். ஒரு கேள்விக்கு இன்று பதில் சொல்ல முடியாது என்றால், "இது முக்கியம்தான், ஆனா இன்னிக்குப் பேச முடியாது, அடுத்த தடவை ஞாபகமாக் கேளுங்க" என்று சொல்லலாம். அதிர்ச்சியான பழைய சம்பவங்களை முதல் நாளே விவரமாகச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அப்படி ஒன்று நடந்தது என்ற ஒரு வரி போதும்.

துணைக்கு ஆள் வருவது நல்லதுதான், நாம் கவனிக்காததை அவர்கள் கவனித்திருப்பார்கள். ஆனால் அவர்களே முழுக் கதையையும் சொல்லிவிடுவதும் உண்டு. "இவ எப்பவுமே இப்படித்தான் டாக்டர், எல்லாத்துக்கும் பயப்படுவா." போகும்போதே பேசி வையுங்கள்: முதலில் நான் பேசுகிறேன், அப்புறம் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் நான் தனியாகப் பேச வேண்டும். வீட்டிலேயே உங்களுக்குப் பிரச்சினை என்றால் தனிநேரம் கட்டாயம் வேண்டும், மருத்துவரிடமே கேளுங்கள். மருத்துவருக்கு உங்கள் மொழி தெரியாத ஊரில் இருந்தால், சொந்தக்காரரை மொழிபெயர்க்க வைப்பதைவிட வெளியாள் மேல். சொந்தக்காரர் கூச்சத்தில் பாதியை மென்று விழுங்கிவிடுவார்.

காணொளி வழியாகப் பேசுவதானால் கதவைச் சாத்திவிட்டு, காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பக்கத்து அறையில் ஆள் இருந்தால் "இப்ப எல்லாத்தையும் பேச முடியாது, ஆமா இல்லைன்னு பதில் வர மாதிரி கேளுங்க" என்று எழுதி அனுப்பலாம்.

படி 9: கேட்காமல் எழாதீர்கள்

உங்களுக்கு இது என்னவாகத் தோன்றுகிறது, வேறு என்னவாக இருக்கலாம்? இந்த மருந்து எதற்கு, எப்போது வேலை செய்யத் தொடங்கும், முதலில் என்ன தொந்தரவு வரும்? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? எது வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் கூப்பிட வேண்டும்? பேச்சுச் சிகிச்சை எனக்கு உதவுமா?

மனச்சோர்வு மருந்துகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குமட்டல், தலைவலி, பரபரப்பு போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே எட்டிப் பார்க்கும். நன்மை தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம், முழுப் பலன் தெரிய ஆறெட்டு வாரம் ஆகலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள்தான் பத்தாம் நாள் "இது எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இளம் வயதினர் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுவதுண்டு. 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைக் கேட்டுத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எழுவதற்கு முன் உங்கள் வார்த்தையில் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: "அப்போ காலையில அரை மாத்திரை, ஒரு வாரம் கழிச்சு முழு மாத்திரை, தூக்கம் கெட்டா கூப்பிடணும். சரிதானே?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

படி 10: அடுத்த சந்திப்பு

இது பெரும்பாலும் குறுகியது. "இப்ப எப்படி?" என்றால் "பரவாயில்லை" என்று முடித்துவிடாதீர்கள். பழைய தாளை எடுத்து ஒப்பிட்டுச் சொல்லுங்கள்: "முன்னாடி 3.30-க்கு முழிப்பேன், இப்ப 5 மணி. சாப்பிடறேன். ஆனா வேலையில கவனம் இன்னும் வரலை."

மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் எடுப்பதாக நம்பி மருத்துவர் அளவை ஏற்றினால் நஷ்டம் உங்களுக்குத்தான். மனச்சோர்வு மாத்திரைகளில் பலவற்றைத் திடுமென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி உணர்வு எல்லாம் வரும். குறைப்பதற்கு முறை இருக்கிறது. தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்துவிட்டது, எடை ஏறுகிறது என்பதுதான் நிறுத்தியதற்குக் காரணம் என்றால் கூச்சப்படாமல் அதையே சொல்லுங்கள். பலருக்கும் வரும் பக்கவிளைவுகள் இவை, மாற்று மருந்தும் உண்டு.

மருத்துவர் காது கொடுக்கவில்லை என்று தோன்றினால் ஒரு முறை நேராகச் சொல்லிப் பார்க்கலாம்: "நான் சொன்னதுல ரொம்ப முக்கியமானது இன்னும் உங்களுக்கு வந்து சேரலைன்னு நினைக்கறேன், மறுபடி சொல்லட்டுமா?" நல்ல மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அப்படியும் நடக்கவில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை.

போகும்போது அந்த முதல் தாளையும், அதற்குப் பின் எழுதியவற்றையும், இதுவரை எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினோம் என்ற பட்டியலையும் தேதி போட்டு ஒரே உறையில் வைத்துக் கொண்டுபோங்கள். புது மருத்துவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது.